கொலுவில் வைத்த மிஷன்

என் வயதுக்காரர்களில் கலிஃபோர்னியாவில் நான்காம் வகுப்பு படித்த யாரைக் கேட்டாலும், மிஷன் கட்டிய கதை ஒன்று வைத்திருப்பார்கள். இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பு ஸ்பானியப் பாதிரியார்கள் அந்தக் கடற்கரை நெடுக இருபத்தொரு வளாகங்களை எழுப்பினார்கள். அவற்றுக்குத்தான் மிஷன் என்று பெயர். நடுவில் முற்றம், ஒரு பக்கம் தேவாலயம், சுற்றிலும் பட்டறைகள், வெளியே வயல். அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடி மக்களை அதற்குள் கொண்டுவந்து, ஞானஸ்நானம் கொடுத்து, வேலை வாங்கினார்கள். என் காலத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதன் மாதிரி ஒன்றை அட்டையில் செய்து பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் என்று எழுதிவிட்டேன். ஃப்ரீமான்ட் நகரில் எங்கள் அடுக்ககத்தைப் பொறுத்தவரை அதைச் செய்தவர்கள் அப்பாக்கள்.

என் அப்பா கரூர்க்காரர். சிப் வடிவமைக்கும் வேலை. பகல் முழுவதும் கண்ணுக்கே தெரியாத கோடுகளைத் திரையில் நகர்த்திக்கொண்டிருந்தவர், கையால் தொட்டுப் பார்க்கும்படி ஒரு வேலை கிடைத்ததும் விடவில்லை. கடையில் ரெடிமேடாக விற்ற மிஷன் செட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, அழுகின தக்காளியைப் போலத் திரும்ப வைத்தார். தெர்மாகோல் வாங்கிவந்து சூடான கத்தியால் அறுத்தார். கூரை ஓட்டுக்காக மக்ரோனியை நீளவாக்கில் பிளந்து செங்கல் நிறம் அடித்தார். இரண்டு பெட்டி மக்ரோனி.

"இத வேக வெச்சிருந்தா ஒரு வாரம் டிபனாயிருக்கும்" என்றார் அம்மா.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஒட்டின இடம் காய்வதற்காக ஊதுவது.

இப்போது இருப்பது போலத்தான் அப்போதும் இருந்தேன். டீச்சர் கொடுத்த மார்க் தாளைத் தினமும் எடுத்துப் படிப்பேன். தேவாலயத்துக்கு இவ்வளவு, மணிக்கூண்டுக்கு இவ்வளவு, தோட்டத்துக்கு இவ்வளவு, வகுப்பின் முன் நின்று விளக்குவதற்கு இவ்வளவு. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று உறுதியான பிறகும், எதையோ விட்டுவிட்டோம் என்றே தோன்றும். என் வாழ்க்கையில் அந்தச் சந்தேகம் சரியாக இருந்தது அநேகமாக அந்த ஒரு முறைதான்.

மிஷன் முடிந்த வாரம் நவராத்திரி வந்தது. அம்மாவின் பொம்மைகள் புடவைகளில் சுற்றப்பட்டு இரண்டு பெட்டிகளில் விமானம் ஏறி வந்தவை. மூன்று படிக்குப் போதுமான பொம்மைகளை வைத்து ஐந்து படி கட்டுவது அவருடைய வருடாந்தரச் சாமர்த்தியம். படிகளுக்குக் கீழே பார்க் கட்டுவதில்தான் அடுக்ககத்தின் மற்ற வீடுகள் எங்களை முந்திக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் கண்ணாடிக் குளம், இன்னொன்றில் எரிந்து அணைகிற டிராஃபிக் சிக்னல். அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்த மிஷனைப் பார்த்தார். இரண்டு நாள் பார்த்தார்.

"கொலுவுல சர்ச்சா?" என்று அப்பா கேட்டார்.

"சாமி கும்பிடற எடந்தானே. வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போயி உங்கம்மா உங்களுக்கு மொட்டை போட்டாங்களா இல்லியா?"

மிஷன் கொலுவுக்கு வந்தது. வந்ததோடு நிற்கவில்லை. படியில் இடமில்லாமல் தவித்த செட்டியார் பொம்மையையும் செட்டியாரம்மாவையும், முன்னால் பரப்பிய பருப்பு வகைகளோடு, அம்மா மிஷன் வாசலில் உட்கார வைத்தார். பாடப்புத்தகத்தில் செட்டியார் கிடையாது என்று நான் அழாக்குறையாகச் சொன்னேன். "அத்தன பேருக்கு ஆக்கிப் போடணும், சாமானுக்கு எங்க போவாங்க?" என்று கேட்டார். அதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் இருந்தவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். நான் அவரைக் கீழ்வீட்டு ஆன்ட்டி என்பேன். ஐம்பது வயதிருக்கும். நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வளர்ந்த மகள் ஒருத்தி சாக்ரமென்டோவில். அம்மாவுக்கும் அவருக்கும் பழக்கமானது சனிக்கிழமை காலைகளில், அடுக்ககத்தின் பொதுவான துணி துவைக்கும் அறையில். அப்பாவின் சட்டையில் இருந்த மஞ்சள் கறையைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. இரண்டாம் வாரம் அம்மா அவருடைய வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மூன்றாம் வாரம் முதல் ஆங்கில வாக்கியங்களுக்கு நடுவே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அக்கா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஆன்ட்டி, மறு சனிக்கிழமை முதல் அம்மாவின் ட்ரையரிலிருந்து துணிகளை எடுத்து மடித்து வைக்கலானார்.

அம்மா வேதியியலில் எம்.எஸ்ஸி. அப்பாவின் விசாவைச் சார்ந்து வந்தவர் என்பதால் வேலைக்குப் போக முடியாது. காரும் ஓட்டத் தெரியாது. அப்பா கற்றுக்கொடுத்த இரண்டு நாட்களிலும் அம்மா பாதி வழியில் காரைவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தார். ஆன்ட்டிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மௌரி அவென்யூவில் ஒரு கடையின் காலி பார்க்கிங்கில், தன் பழைய காரில் அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கொலு முடிந்த பிறகு வரும் செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். அதற்கும் ஆன்ட்டியின் கார், கூட வருவதும் ஆன்ட்டி. அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் முன்னால் அம்மா ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பேசுவார். பார்த்துப் பேச வேண்டியிராத ஒரே மனுஷி அந்த நாட்டில் அவருக்குக் கீழ்வீட்டு ஆன்ட்டிதான். இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

ஆன்ட்டி எந்த ஊர் என்று அம்மா கேட்டிருக்கிறார். "இந்த ஊர்தான்" என்று பதில் வந்ததாம். ஃப்ரீமான்ட்டில் பிறந்தவர் என்று அம்மா எடுத்துக்கொண்டார். அவருடைய முகத்தையும் நிறத்தையும் பார்த்து, மெக்ஸிகோ என்று நானாக முடிவு செய்துவைத்திருந்தேன்.

கொலுவின் ஐந்தாம் நாள் மாலை ஆன்ட்டி வந்தார். சீருடையை மாற்றிக்கொண்டு, பால்கனித் தொட்டியில் காய்த்த எலுமிச்சம்பழங்களை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அம்மா நீட்டிய குங்குமத்தை எங்கே வைப்பது என்று கேட்டு வைத்துக்கொண்டார். முட்டி வலியைப் பார்க்காமல் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நானும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மாலை என் நினைவில் எப்படியோ தமிழாகத்தான் பதிந்திருக்கிறது.

"யாரு இந்தக் குண்டு ஆளு?" என்று செட்டியாரைக் காட்டிக் கேட்டார்.

"பருப்பு விக்கிறவர்" என்றார் அம்மா.

"வியாபாரம் நல்லா போகுது போல."

அம்மா சிரித்தார். சுண்டல் வந்தது. நான் எழுந்து நின்று என் விளக்கத்தை ஆரம்பித்தேன். கொலுவுக்கு வந்த எல்லா ஆன்ட்டிகளுக்கும் அதைச் சொல்லிக் காட்டி, கைதட்டல் வாங்கிப் பழகியிருந்தேன். இது தேவாலயம், இது மணி, இது நெசவுக்கூடம். பாதிரியார்கள் பூர்வகுடி மக்களுக்கு விவசாயம் கற்றுக்கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே குடும்பமாக உழைத்தார்கள். அந்தக் காலப் புத்தகங்களில் அவர்களுக்கும் எங்களுக்கும் இந்தியர் என்று ஒரே பெயர் இருந்ததையும், அதனால் வகுப்பில் நான் பட்ட கேலியையும் எழுதப் புகுந்தால் அது வேறு கதை.

ஆன்ட்டி கடைசி வரை கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "பொண்ணுங்க எங்க தூங்குவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மார்க் தாளில் அது இல்லை.

அவர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முற்றத்தின் ஒரு மூலையைத் தொட்டார். "இங்க ஒரு ரூம் இருக்கும். ஜன்னல் மேல, சின்னதா. சாயந்திரமானா பொண்ணுங்கள உள்ள அனுப்பி வெளியில பூட்டிடுவாங்க. உன் வயசுப் பொண்ணுங்க. கல்யாணம் ஆகிற வரைக்கும் அதுலதான்."

அம்மாவுக்கு எப்போதுமே விருந்தாளியின் பேச்சுக்கு ஒத்துப் பேசியாக வேண்டும். "எங்க லேடீஸ் ஹாஸ்டல்லயும் ஆறு மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிடுவாங்கக்கா. வார்டன் சாவிய இடுப்புல சொருகிட்டுப் போயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆன்ட்டியும் கொஞ்சம் சிரித்தார். "லீவுக்கு வீட்டுக்கு விடுவாங்களா?"

"ஓ. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, சும்மா காய்ச்சல்னு சொன்னாக்கூட விடுவாங்க."

"இவங்கள விடல. அம்மா அதே காம்பவுண்டுல, கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல இருப்பா. ஓடிப்போனா சிப்பாய்ங்க போய்ப் பிடிச்சுட்டு வருவாங்க. அடி விழும்."

அம்மாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் படித்ததில் எனக்கிருந்த நம்பிக்கை அப்படி. "அவங்கள்லாம் இப்ப இல்லையே. நோய் வந்து செத்துப்போயிட்டாங்கன்னு புக்ல போட்டிருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். கோபமான முகம் இல்லை. "எங்கப்பா வழியில, எனக்கு ஆறு தலைமுறைக்கு முந்தின ஒருத்தி அந்த ரூம்ல தூங்கினவ. நாங்க ஓலோனி, இந்தக் கரையோரத்துப் பூர்வகுடி. இங்கயேதான் இருக்கோம்" என்றார். பிறகு மறுபடியும் மிஷனைப் பார்த்தார். காலையில் சீக்கிரம் வேலை என்று சொல்லி எழுந்தார். கிண்ணத்தில் பாதிச் சுண்டல் இருந்தது.

அவர் போன பிறகுதான் அம்மா பார்த்தார். ஆன்ட்டிக்காக எடுத்து வைத்திருந்த தாம்பூலப் பை நாற்காலியிலேயே இருந்தது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், சீப்பு, சின்னக் கண்ணாடி. ஆன்ட்டி ரவிக்கை போடுபவர் இல்லை என்பதால், துணிக்குப் பதில் என்ன வைப்பது என்று இரண்டு நாள் யோசித்து, மாங்காய் படம் போட்ட அழகான சமையலறைத் துண்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கொலுவுக்கு வந்த பெண் தாம்பூலம் வாங்காமல் போவது என்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். மனஸ்தாபம் இருந்தாலொழிய யாரும் அப்படிப் போக மாட்டார்கள்.

"ஹாஸ்டல்னு ஒளறிட்டேன்" என்றார் அம்மா.

நான் கேட்ட கேள்விதான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்லவில்லை. அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டது எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் முகம் சுருங்குகிறது.

"போய்க் கேட்டுற வேண்டியதுதானே. பன்னெண்டு படி எறங்கினா அவங்க வீடு" என்றார் அப்பா.

"என்னன்னு கேக்கறது?"

மறுநாள் ஆன்ட்டியின் கார் கிளம்பும் சத்தம் கேட்டபோது அம்மா ஜன்னலருகே போனார். திரைச்சீலையைத் தொடாமல் திரும்பி வந்தார். டெஸ்ட்டைத் தள்ளிப் போடலாமா என்று இரண்டு முறை கேட்டார்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். மிஷனில் அந்த அறையை வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மார்க் தாளை எடுத்துப் பார்த்தார். "இதுல இல்லாதத எதுக்குடா கண்ணு? அங்க வெச்சா தோட்டம் அடிபடும். தோட்டத்துக்கு மார்க் இருக்கு." நான் அழுதேன். அழுகைக்கு அப்பா அசைய மாட்டார், ஆனால் தன் கட்டடத்தில் ஒரு அறை விட்டுப்போயிற்று என்பது அவரை அரித்திருக்க வேண்டும். "டிராயிங் இல்லாம எப்படிக் கட்றது?" என்றார். அதன் பிறகு எனக்குக் கவலையில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நூலகத்துக்குப் போனோம். பிள்ளைகள் பகுதியில் இருந்த புத்தகங்களில் மணியும் ரோஜாத் தோட்டமும்தான் இருந்தன. அப்பா பெரியவர்கள் பகுதிக்குப் போய்த் தடிமனான ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு மிஷனின் வரைபடம் இருந்தது, மூலையில் ஒரு நீள்சதுரம், ஆன்ட்டி தொட்ட அதே இடம். வரைபடத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்ததை அப்பா நின்றபடியே படித்தார். நான் எட்டிப் பார்த்தேன். புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "ஜன்னல் சின்னதுதான்" என்று மட்டும் சொன்னார்.

அன்றே அறையைத் தனியாகச் செய்து முடித்தார். வேறு எதற்கும் இல்லாத கவனம் அந்தக் கதவுக்கு. ஸ்டேப்ளர் கம்பியை வளைத்து, வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். சுண்டு விரல் நகத்தால் தள்ளினால் உண்மையாகவே பூட்டிக்கொள்ளும். ஒரு முறை பூட்டிப் பார்த்தார். திறந்தார். வழக்கமாகத் தன் வேலையை யாரிடமாவது காட்டாமல் இருக்க மாட்டார். அன்று மேசை விளக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கார்ட்டூன் பார்த்தார்.

ஆனால் அறையை மிஷனில் பொருத்த முடியாது. கலசம் வைத்த பிறகு ஒன்பது நாளும் கொலுவில் எதையும் அசைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். விஜயதசமி வரை பொறு என்றார்.

சனிக்கிழமை காலை அம்மா துணிக்கூடையோடு கீழே போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. திரும்பி வந்தபோது துணிகள் கலைந்தபடியே கூடையில் கிடந்தன. அவராக மடிக்கவில்லை, மடித்து வைக்க ஆளும் வரவில்லை. கூடையை வைத்துவிட்டுக் கொலுவின் முன்னால் உட்கார்ந்தார். உதடு அசைந்தது. சாமியிடம் அனுமதி கேட்டார் போலிருக்கிறது, அல்லது மன்னிப்பு. செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் பருப்போடு நகர்த்தி வைத்தார். மிஷன் நின்ற பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி. அந்த ரூமையும் எடு."

"எங்கம்மா?"

"கீழதான்."

அப்பா பசையோடு ஓடி வந்தார். தோட்டத்தின் பாதியைப் பெயர்த்து அறையை ஒட்டினார். என்னை ஊதச் சொன்னார். காயக்கூட விடாமல் அம்மா கிளம்பிவிட்டார். தாம்பூலப் பை அவர் மணிக்கட்டில் தொங்கியது. பன்னிரண்டு படி. நான் பின்னோக்கிக் கால்வைத்து இறங்கினேன். மக்ரோனி ஓடுகள் இரண்டு உதிர்ந்தன, அம்மா நிற்கவில்லை.

ஆன்ட்டி கதவைத் திறந்தார். எங்களையும் எங்கள் நடுவில் இருந்ததையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டு மேசையில் இருந்த செய்தித்தாளையும் காப்பிக் கோப்பையையும் எடுத்து இடம் செய்தார்.

"தாம்பூலத்த மறந்துட்டுப் போயிட்டீங்கக்கா" என்றார் அம்மா. மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லிப் பழக்கமில்லை.

"கூடை சத்தம் கேட்டுச்சு. வரணும்னுதான் இருந்தேன்" என்றார் ஆன்ட்டி. "வரல."

பிறகு குனிந்து மிஷனைப் பார்த்தார். மூலையில் இருந்த அறையைப் பார்த்தார். விரல் நகத்தால் தாழ்ப்பாளைத் தள்ளினார், அது பூட்டிக்கொண்டது. திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"யாரையும் வைக்கலையா?"

"எனக்கு வைக்கப் பிடிக்கல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என் பொண்ணு நாலாவது படிக்கும்போது நானும் செஞ்சு குடுத்தேன். இதே மாதிரி. சர்க்கரைக் கட்டியில. ஒவ்வொரு கட்டியும் என் கையால ஒட்டினது. இந்த ரூம மட்டும் வைக்கல. எனக்குத் தெரியும். எங்கப்பா சொல்லிச் சொல்லி வளத்தாரு. இருந்தும் வைக்கல. டீச்சர் ஏதாவது சொல்லிடுவாங்க, பிள்ளைக்கு மார்க் போயிடும்னு. நல்ல மார்க்தான் வாங்கினா." அறையின் கதவைச் சாத்தினார். "அவகிட்டயும் சொல்லல."

அம்மா அவர் தோளில் கையை வைத்தார். எனக்கோ சர்க்கரைக் கட்டி என்றதும் ஒரே சந்தேகம்தான். "எறும்பு வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு" என்று ஆன்ட்டி சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கேள்வி அவ்வளவு வேடிக்கையாக இருந்ததில் எனக்குப் பெருமை.

அன்று காப்பி போட்டுக்கொடுத்து நிறையச் சொன்னார். பாதி எனக்குப் புரிந்தது, பாதியை அம்மா பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். மிஷன்களுக்குப் பிறகு வந்த அரசாங்கங்கள் நிலத்தை யார் யாருக்கோ கொடுத்தன. அவருடைய அப்பாவின் அத்தையை எட்டு வயதில் ரயிலேற்றித் தொலைவில் இருந்த அரசாங்க உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சொந்த மொழியில் பேசினால் அங்கே தண்டனை. அவர் திரும்பி வந்தபோது அந்த மொழி அவரிடம் இல்லை. பிறகு ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நிலம் எதுவும் தேவையில்லை என்று ஓர் அதிகாரி எழுதிவைக்க, அரசாங்கத்தின் பட்டியலில் இருந்தே அவர்கள் பெயர் விட்டுப்போனது. "புக்ல போட்டிருக்குன்னு நீ சொன்னது சரிதான். வாஷிங்டன்லயும் அப்படித்தான் சொல்றாங்க, நாங்க இல்லைன்னு. இருக்கோம்னு நிரூபிக்க எங்காளுங்க பெட்டி பெட்டியா பேப்பர் குடுத்துட்டிருக்காங்க" என்றார். அம்மா அந்தச் சமயம் க்ரீன் கார்டுக்காகப் பெட்டி நிறையப் பேப்பர் சேர்த்துவைத்திருந்தவர். ஒத்துப் பேச வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. பேசாமல் மூடிக்கொண்டதும் தெரிந்தது.

கிளம்பும்போது ஆன்ட்டி தாம்பூலப் பையைப் பிரித்துப் பார்த்தார். மாங்காய்த் துண்டை அடுப்புக் கைப்பிடியில் மாட்டினார். "செவ்வாய்க்கிழமை எட்டரைக்குக் கீழ வந்துடு. கண்ணாடிய சரி பண்ணிட்டுத்தான் சாவியத் தொடணும்" என்றார் அம்மாவிடம்.

செவ்வாய்க்கிழமை அம்மா தேறவில்லை. மிக மெதுவாக ஓட்டினார் என்பது குற்றம். அடுத்த மாதம் அதே காரில் தேறினார். பிறகு எங்களை எங்கெல்லாமோ அழைத்துப் போயிருக்கிறார், இன்றும் மெதுவாகத்தான்.

மிஷன் பள்ளிக்குப் போனது. தோட்டத்தில் மார்க் குறைந்தது. விளக்கத்தின் கடைசியில், தகவல் எங்கே கிடைத்தது என்று எழுத ஒரு வரி உண்டு. முதலில் நூலகப் புத்தகத்தின் பெயரை எழுதி, அதற்குக் கீழே கீழ்வீட்டு ஆன்ட்டி என்று எழுதினேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, யார் இது என்று விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சிவந்தது. ஆன்ட்டியை வகுப்புக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். ஆன்ட்டி முடியாது என்றார். இரண்டாவது கடிதத்துக்கும் முடியாது என்றார். மூன்றாவதை அம்மாவே எடுத்துப் போனார். ஒருத்தரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஆன்ட்டி சொன்னாராம்.

இப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறோம். என் மகளுக்கு ஆறு வயது. போன நவம்பரில், நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்குக்காக, பூர்வகுடிகளைப் போல வேடமிட இறகுத் தலைப்பட்டை செய்துவரச் சொன்னார்கள் என்றாள். கலர் காகிதத்தில் பதினோரு இறகுகளை ஒரே அளவாக வெட்டி முடித்த பிறகுதான், கத்தரிக்கோல் என் கையில் இருப்பதைக் கவனித்தேன். ஆன்ட்டி அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, இழந்ததும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் தாயின் கை எவ்வளவு நேர்த்தியாக வெட்டும், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டும் என்று அன்று தெரிந்தது. டீச்சருக்கு மெயில் எழுதினேன், நான்கு முறை அழித்துவிட்டு. நல்ல விதமாகப் பதில் வந்தது. இறகுகளுக்குப் பதில், இந்த நிலத்தில் வாழ்ந்த மக்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து, அவர்களில் பலரை எவ்வளவு தூரம் அனுப்பிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எனக்குப் பாடம் எடுத்தாள். ஏன் அனுப்பினார்கள் என்றும் கேட்டாள். சரியாகச் சொன்னேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆன்ட்டி எங்கள் வகுப்புக்கு வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். வேன் ஓட்டும் சீருடையிலேயே வந்தார். இறகோ மணிமாலையோ எதிர்பார்த்திருந்த பையன்கள் ஏமாந்துபோனார்கள். அவரோடு ஒரு பெண்ணும் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சாக்ரமென்டோவிலிருந்து காலையிலேயே கிளம்பி, லீவு போட்டுவிட்டு வந்த அவருடைய மகள். வகுப்பின் கடைசியில் எங்கள் அளவுக்குச் செய்த குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தாள். நான்காம் வகுப்புக்குச் சொல்லப்போகும் ஒரு விஷயத்தைக் கேட்க, பெரியவள் ஒருத்தி எதற்காக அவ்வளவு தூரம் வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆன்ட்டி என் மிஷனின் பக்கத்தில் நின்று, மூலையில் இருந்த அறையைத் தொட்டுக்கொண்டு பேசினார். முன்வரிசையில் நான்தான் இருந்தேன். கதவை எனக்குக் காட்டுவார், தாழ்ப்பாளைப் பற்றி என் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எங்கள் தலைகளுக்கு மேலாகக் கடைசி நாற்காலியைப் பார்த்தே முழுவதையும் சொன்னார், மெதுவாக, நடுவில் இரண்டு முறை நின்று. கூட்டத்தின் முன் பேசும்போது கடைசியில் இருப்பவருக்கும் கேட்கும்படி அங்கே பார்த்துப் பேச வேண்டும் என்று டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆன்ட்டிக்கும் யாரோ அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.